வீட்டுக்கு நாலு மாத்திரை

தாரணியின் மேல் இந்த உலகத்தில் யாருக்குப் பிரியம் இருந்ததோ இல்லையோ, அவள் வீட்டுக் கழிவறைக்கு இருந்தது. சாயங்காலம் ஆறரைக்குக் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும், பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவாள். இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் குரல், கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருக்கும் பெண்ணைப் போலக் குழையும்: "வணக்கம்! இந்த இல்லத்தின் இன்றைய அளவு, நான்குக்கு நான்கு. நீங்கள் ஒரு பொன்னிற இல்லம். வாழ்த்துகள்!"

இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவள் கணவர் பூபதி ஒரு தடவையாவது அவளை வாழ்த்தியதுண்டா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கழிவறை தினமும் வாழ்த்தியது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. திருப்பூருக்குச் சீக்கிர அரிசி வந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஐம்பதே நாளில் விளைந்துவிடும், வெந்தால் பூப்பூவாக நிற்கும், விலையும் மலிவு. ஒரே ஒரு குறை, அதில் பி வைட்டமின் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதம் எரிகிறது, தலை சுற்றுகிறது, பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோகிறது என்று ஊரே ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, அந்த அரிசியை நிறுத்தலாமே என்று இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தார்கள். மலிவான அரிசியை எந்தப் புத்திசாலியாவது நிறுத்துவானா? ஆளுக்குத் தினம் ஒரு பி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஊட்ட ஆணையம் உத்தரவு போட்டது. அரிசிக் கம்பெனி அண்ணனுடையது, மாத்திரைக் கம்பெனி தம்பியுடையது. அண்ணன் தம்பி இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது, சொல்லுங்கள்!

உத்தரவு போட்டால் போதுமா, ஜனங்கள் விழுங்க வேண்டாமா? அதற்குத்தான் கழிவறையில் கண் வைத்தார்கள். பி மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பீங்கானுக்குள் பதித்த அந்தக் கண் மஞ்சளை அளந்து, எத்தனை மாத்திரை உடம்புக்குள் போய் வந்தது என்று சொல்லிவிடும். முதலில் யாருடையது என்றுகூட அது சொன்னது. ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். என் சிறுநீர் என் அந்தரங்கம் என்று வாதாடி ஜெயித்தும் விட்டார். அன்றிலிருந்து கழிவறை ஆளைச் சொல்லாது, வீட்டின் மொத்தத்தை மட்டும் சொல்லும். தலைக்கு ஒன்று வீதம் கணக்குச் சரியாக இருந்தால் பொன்னிற இல்லம். ஏழு நாள் குறைந்தால் குடும்பத்தின் மருத்துவ அட்டையைப் பூட்டிவிடுவார்கள்.

தாரணியின் மாமனார் பொன்னுசாமிக்கு நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியில் அதை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டை பூட்டப்பட்டால் அந்த ஆபரேஷன் கிடையாது. ஆகவே அந்த வீட்டில் நான்கு என்ற எண் சாமி மாதிரி.

மாத்திரைப் பெட்டி சாப்பாட்டு மேசையில் இருக்கும். நான்கு அறை, அறைக்கு ஒரு மஞ்சள் மாத்திரை.

பூபதி அந்த வார்டின் ஊக்குநர். சட்டையில் பொன்னிற பேட்ஜைக் குத்திக்கொண்டு வீடு வீடாகப் போய் பி மாத்திரையின் மகிமையைப் பேசுவது அவர் வேலை. நன்றாகப் பேசுவார், கேட்கிறவர்கள் அங்கேயே தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்குவார்கள். ஆனால் அவருக்கு அந்த வாடை ஆகாது. "ஏப்பம் வந்தா அதே நாத்தம் வருது தாரணி. நாலு பேரு முன்னால நின்னு பேசறவன், ஏப்பம் விட்டுட்டு நின்னா மரியாதையா இருக்குமா?" என்பார். சத்துக்கு அவருக்குக் குறைவில்லை, வாரம் மூன்று நாள் வெளியில் ஈரல் வறுவலும் முட்டையும் நடந்துகொண்டிருந்தது. மாமனாருக்கு மாத்திரை சூடு, போட்டால் நாக்கு வெந்துவிடும். மகள் மிருதுளா காலேஜில் இரண்டாம் வருடம், மாத்திரை மறுப்பு மாணவர் முன்னணியின் செயலாளர். பட்டினியாகக் கிடந்தாலும் கிடப்பாளே தவிர, ஆணையத்தின் மாத்திரையைத் தொடமாட்டாள்.

மூன்று பேரும் எழுந்துபோன பிறகு மூன்று மாத்திரை பெட்டியில் உட்கார்ந்து தாரணியைப் பார்க்கும்.

தாரணிக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. மகள் கடித்துவிட்டு வைத்த தோசை ஓரம், மாமனார் கிண்ணத்தில் மிஞ்சிய இரண்டு கரண்டி கஞ்சி, பூபதி பிசைந்துவிட்டு எழுந்த தயிர்சாதம் எல்லாம் அவள் வயிற்றுக்குத்தான் போகும். அவளுக்கென்று தனியாகத் தட்டு வைத்துச் சாப்பிட்டது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. அந்த வரிசையில் மூன்று மாத்திரையும் வந்து நின்றுகொண்டது. 'சத்து மாத்திரைதானே, என்ன பண்ணிடப் போகுது' என்று முதல் நாள் தன்னுடையதோடு சேர்த்து நாலையும் வாயில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கழிவறை நான்குக்கு நான்கு என்று வாழ்த்தியது. எப்படி வந்தது நான்கு என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. நல்லபடியாக நடப்பதைக் கிளறக் கூடாது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, பூபதி ஆரம்பத்தில் ஒரு முயற்சி செய்தார். மாத்திரைகளை நேராகக் கழிவறையிலேயே போட்டுத் தண்ணீரை ஊற்றினார். டப்பா வழியாக வந்ததற்கும் உடம்பு வழியாக வந்ததற்கும் அந்தக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதா என்ன? "நேரடி மாத்திரை! நேரடி மாத்திரை!" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அது அலறியது. சட்டைப் பையிலிருந்து தவறி விழுந்துவிட்டது என்று பக்கத்து வீடுகளுக்கு விளக்கம் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் ஆனது. உடம்புதான் வேண்டும் என்றானபின், அந்த வீட்டில் உடம்பு என்றால் தாரணிதான்.

இப்படி நாலு வருடம். மாத்திரையும் சும்மா இருக்கவில்லை. விலையைக் கூட்ட வேண்டுமென்றால் கம்பெனிக்காரன் சத்தைக் கூட்டத்தானே செய்வான்! பி போய் பி பிளஸ் வந்தது, பி பிளஸ் போய் பி சூப்பர் வந்தது. தாரணிக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. கம்பெனிக் கழிவறைக்குப் போனால் மஞ்சள் கம்பெனிக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

அவள் வேலை பார்த்தது பனியன் கம்பெனியின் தொடு செக்ஷனில். நெய்வது மெஷின், தைப்பது மெஷின், ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் கேமரா. ஆனால் ஒரு துணி பிறந்த குழந்தையின் கழுத்தில் உறுத்துமா உறுத்தாதா என்று சொல்ல இன்னும் எந்த மெஷினுக்கும் துப்பில்லை. 'மனிதக் கை தொட்டுப் பார்த்தது' என்று சீட்டு ஒட்டிய சட்டைக்கு வெளிநாட்டில் தனி கிராக்கி. தொடு செக்ஷனில் பதினெட்டுப் பெண்கள், அதில் தாரணியின் விரலுக்கு நிகர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு துணியை இரண்டு விரலுக்கிடையில் ஓட்டினால், எந்தச் சாயப்பட்டறையில் முக்கினது என்பது வரை சொல்லிவிடுவாள். வீட்டில் அவள் சமையலுக்கு ஆயிரம் குறை உண்டு. கம்பெனியில் அவள் 'ஆகும்' என்று தலையாட்டினால் கப்பல் கிளம்பும். அந்த ஒரு இடத்தில்தான் அவள் தன்னைப் பெரிய மனுஷியாக நினைத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து விரல் நுனி மரத்தது. பனி என்று நினைத்தாள். பனி போனது, மரப்பு போகவில்லை. ஜாக்கெட் கொக்கியை மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வேனிலிருந்து இறங்கி, வீட்டு வாசல் வரை நடந்தே வந்துவிட்டாள். மிருதுளா சுட்டிக்காட்டிச் சிரித்த பிறகுதான் ஒரு கால் வெறுங்கால் என்று தெரிந்தது. தாரணியும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் திக்கென்று இருந்தது.

மாசி மாதம் கப்பலில் போன குழந்தைச் சட்டைகள் திரும்பி வந்தன. கழுத்துப் பட்டை சாக்கு மாதிரி இருக்கிறதாம். சீட்டில் தாரணியின் எண்.

ஃப்ளோர் மேனேஜர் கனகமணி நல்ல பெண். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தாரணிக்கு. மூடிய பெட்டிக்குள் ஆறு துணியை வைத்து, கையை உள்ளே விட்டு, மெத்தென்று இருப்பதிலிருந்து முரடு வரை வரிசை சொல்லச் சொன்னாள் கனகமணி. அதுதான் விரல் பரீட்சை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு வைப்பது.

தாரணி இரண்டைத்தான் சரியாகச் சொன்னாள்.

"என்னாச்சுங்க்கா உங்களுக்கு?" என்றாள் கனகமணி. "உங்க கையைப் பாத்துத்தான் நாங்க எல்லாம் தொழில் கத்துக்கிட்டோம். சரி, இப்போதைக்குப் பேக்கிங்ல இருங்க. புரட்டாசியில மறுபடி பரீட்சை வெக்கறேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா, என்னால தொடு செக்ஷன்ல வெச்சுக்க முடியாதுங்க்கா."

வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாரணி அழுதாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபோது, அது பருத்தியா பாலியெஸ்டரா என்று விரலுக்குத் தெரியவில்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் வார்டு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே டாக்டர் ஒரு திரைக்குள் இருந்தார். உண்மையில் அப்படி ஒரு டாக்டர் எங்கேயும் இல்லை, திரை மட்டும்தான். ஆனாலும் ஸ்டெதஸ்கோப் மாட்டியிருந்தது.

"விரல் மரத்துப்போகுதுங்க டாக்டர். பாதமும் அப்படித்தான் இருக்குதுங்க."

"விரல் மரத்துப்போதல், பாதம் மரத்துப்போதல். இது பி வைட்டமின் குறைபாடு," என்றது திரை, மூச்சுவிடுகிற நேரத்துக்குள். "உங்கள் இல்லத்தின் அளவு நான்குக்கு நான்கு. பாராட்டுகள்! எனவே நீங்கள் மாத்திரை உட்கொள்கிறீர்கள். உங்கள் உடல்தான் அதை ஏற்கவில்லை. நாள் ஒன்றுக்கு மேலும் இரண்டு மாத்திரை சேர்த்துக்கொள்ளவும்."

சீட்டு வெளியே வந்தது. மாத்திரையும் பின்னாலேயே வந்தது. நல்ல வேளையாக, ஊசி போடுவதற்கு மட்டும் அங்கே ஒரு மனுஷியை வைத்திருந்தார்கள். ஃபர்ஹானா என்று பெயர். அவள் ஒரு பஞ்சையும் குண்டூசியையும் எடுத்துக்கொண்டு தாரணியை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனாள்.

"கண்ணை மூடுங்கக்கா. எது பஞ்சு, எது ஊசின்னு சொல்லுங்க."

"பஞ்சு," என்றாள் தாரணி. "இதுவும் பஞ்சு. இதுவும் பஞ்சுதான்."

கண்ணைத் திறந்தபோது மூன்று விரலில் பொட்டுப் பொட்டாக ரத்தம் நின்றது. ஃபர்ஹானா திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடறீங்க?"

"ஒண்ணுதாங்க."

"அக்கா."

"நாலு," என்றாள் தாரணி. யாருடைய நகையையோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி முகம் சிவந்துவிட்டது. "வீணாத்தானே போகுதுன்னு..."

"எத்தனை வருசமா?"

"நாலு வருசமாச்சுங்க."

ஃபர்ஹானா பெருமூச்சு விட்டாள். "பி மாத்திரையில பல சாமான் இருக்குதுக்கா. சிலது மிஞ்சினா மஞ்சளா வெளிய போயிரும், ஒண்ணும் பண்ணாது. ஆனா பி ஆறுன்னு ஒண்ணு இருக்குது. கொறஞ்சாலும் நரம்பு மரத்துப்போகும், வருசக்கணக்கா அதிகமாப் போனாலும் நரம்பு மரத்துப்போகும். ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் திரைக்கு ஒரு பக்கம்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்த வாரம் நீங்க ஏழாவது ஆளு. ஏழு பேருமே பொம்பளைங்கதான், வீட்டுக்கு ஒருத்தி."

"நிறுத்திட்டா விரல் திரும்பி வருமுங்களா?"

"இன்னியோட எல்லாத்தையும் நிறுத்துங்க, ஒண்ணுகூட வேண்டாம். பயறு, முட்டை, கடலைன்னு சாப்பாட்டுல பாத்துக்குங்க. கொஞ்சங் கொஞ்சமா வரும்னு நெனைக்கிறேன். முழுசா வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. இன்னும் ஒரு வருசம் இப்படியே போட்டீங்கன்னா வராது. அதை மட்டும் சத்தியம் பண்ணுவேன்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் தாரணி எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் அவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"நாலையும் நீயா போட்டுட்டிருந்தே?" என்று முதலில் வாயைத் திறந்தவர் மாமனார். நாலு வருடமாகக் கண்ணைக் கட்டிவிட்டிருந்த மாதிரி ஆச்சரியப்பட்டார். "அடக் கொடுமையே! ஏம்மா எங்கிட்டச் சொல்லலே?"

"நீங்க கேக்கலீங்க மாமா."

பூபதி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "இது வெளிய தெரிஞ்சா என்னாகும்னு யோசிச்சியா தாரணி? ஊக்குநர் வீட்டுலயே இப்படின்னா, நாளைக்கு நான் யார் மூஞ்சியில முழிக்கறது?"

"எனக்கு விரலே செத்துட்டு இருக்குதுங்க. உங்களுக்கு மூஞ்சி கவலையா?"

மிருதுளா கண்கலங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இது ஆணையம் உன்மேல பண்ணின வன்முறைம்மா. சும்மா விடமாட்டேன். நாளைக்கே கண்டிச்சு ஒரு அறிக்கை விடறேன்."

"விடு கண்ணு. உன்ற மாத்திரையையும் போட்டுட்டு விடு."

"அது எப்படிம்மா? கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

பூபதிக்கு அதற்குள் ஒரு வழி தோன்றிவிட்டது. ஊக்குநர் அல்லவா! "ஆள் வெச்சுக்கலாம்," என்றார். "ராயபுரத்துப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கறாளாமா. காலைல வந்து மாத்திரையைப் போட்டுக்கறா, சாயங்காலம் வந்து வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போறா. ரெண்டு மூணு வீட்டுல வெச்சிருக்காங்க. கமுக்கமா நடக்குது."

தாரணி மேசையில் கையை ஓங்கி அறைந்தாள். கிண்ணங்கள் துள்ளின. அவள் கைக்கு ஒன்றும் தெரியவில்லை, மற்ற மூன்று பேருக்குத்தான் பதறியது.

"அந்தப் பொண்ணோட விரலு மட்டும் என்ன, மரக்கட்டையா? நான்தான் நாலு வருசமா உங்களுக்கு வடிகட்டியா இருந்தேன். இன்னொருத்தியையும் கூட்டியாந்து வடிகட்டி ஆக்கோணுமா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நாளைக்கு நான் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போறேன். பதிவையும் அங்க மாத்திக்கறேன். இந்த வீட்டுக் கணக்கு மூணாயிரும். நீங்க மூணு பேரு, மூணு மாத்திரை. மாமாவோட பேட்டரி உங்க கையில. அவங்கவங்க மாத்திரையை அவங்கவங்க முழுங்குங்க, அவ்வளவுதான்."

மாமனார் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "இவ சொல்றதும் நாயந்தானப்பா," என்றார். எப்போது போட்டாலும் நாக்கு வெந்துவிடுகிற மாத்திரையைக் கவலையோடு பார்த்தார்.

தாரணி போய்விட்டாள். போகும்போது மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் போனாள், அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? மிருதுளா வேன் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கழிவறை. அந்தக் கழிவறைக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "இந்த அறையின் அளவு, ஒன்றுக்குப் பூஜ்ஜியம். உங்கள் நலம் நாட்டின் நலம். வெட்கப்படுங்கள்!" என்று தினமும் திட்டியது. எட்டாம் நாள் அவள் அட்டையைப் பூட்டியது. தாரணி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சத்தம் கொஞ்சம் அமுங்கியது. கம்பெனியில் நினைத்தபோதெல்லாம் கழிவறைக்குப் போனாள். அது ஒரு சுகம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மத்தியானம் தனக்கென்று வாங்கிய முட்டையைத் தனக்கென்று ஒரு தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். முதல் நாள் யாராவது பாதியைக் கேட்பார்களோ என்று சுற்றிப் பார்த்தாள்.

வீட்டுக்குத் தினமும் போன் செய்தாள். முதல் மூன்று நாள் கணக்கு இடித்தது. நாலாம் நாள் பூபதியின் குரல் நிமிர்ந்தது.

"மூணுக்கு மூணு! நீ என்னமோ பயந்தியே?"

"எல்லாரும் போட்டுக்கறீங்களா?"

"கழிவறையே சொல்லுதுங்கறேன். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

தாரணிக்கு நம்பவே முடியவில்லை. அந்த மனிதர் ஏப்பத்தைப் பொறுத்துக்கொள்கிறாரா? மாமனார் நாக்கு பிழைத்ததா? மகள் தாத்தாவுக்காகக் கொள்கையைத் தளர்த்திக்கொண்டாளா? நாம் ஒதுங்கியதால்தான் அவரவர் பொறுப்பு அவரவருக்கு வந்தது, இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று தன்னையே நொந்துகொண்டாள். சித்திரையில் பி சூப்பர் போய் பி மகா வந்தது. ஒன்றே இரண்டுக்குச் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆளுக்கு ஒன்றுதானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆடியில் ஒரு நாள் சோற்றைப் பிசையும்போது ஒரு உப்புக்கல்லை அவள் விரல் கண்டுபிடித்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள். அதன் ஓரம் குத்தியது! பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "குத்துது பாரு, குத்துது பாரு," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆவணியில் மாமனாருக்குப் பேட்டரி மாற்றினார்கள். அட்டை திறந்தே இருந்தது, ஒரு தடங்கலும் இல்லை. ஆஸ்பத்திரியில் தாரணி நாலு நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். மிருதுளாவுக்குப் பரீட்சை என்று அவள் வரவில்லை.

புரட்டாசியில் விரல் பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாள். முதல் துணி நழுவியது. இரண்டாவது லேசாகப் பிடித்தது. மூன்றாவதில் ஒரு ஊசிக்கோடு ஓடுவதை விரல் தானாகவே கண்டுபிடித்து நின்றது.

"ஆறுக்கு நாலுங்க்கா! ரெண்டுதான் இடம் மாறிருக்கு!" என்று கனகமணி கத்தினாள். "திங்கக்கிழமை வந்து உங்க இடத்துல உக்காருங்க!" தொடு செக்ஷன் முழுக்கக் கைதட்டியது. தாரணி அழுதாள், சிரித்தாள். கண்ணைத் துடைத்த புடவைத் தலைப்பு பாலியெஸ்டர் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

செய்தியைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மிருதுளா ஒரு டப்பா பால்கோவாவோடு ஹாஸ்டலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். முன்னணியின் பனியனைப் போடவில்லை.

"முன்னணி எல்லாம் எப்படிப் போகுது கண்ணு?"

"விட்டுட்டேம்மா. நேரமில்ல." கட்டிலில் உட்கார்ந்தவள் உடனே எழுந்து நின்றாள். காலைக் காலோடு இறுக்கிக்கொண்டாள். "வீடு போற வரைக்கும் அடக்கிக்கலாம்னு பாத்தேன். பஸ்ல ரொம்ப நேரமாயிருச்சு. இனி முடியாது. இங்க போயிட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. தாரணி பால்கோவாவைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதமாகத் தாரணியைத் திட்டிய கழிவறை, துண்டுக்கு அடியிலிருந்து, ஆனந்தத்தில் தொண்டை அடைக்கக் கூவியது: "வணக்கம்! இந்த அறையின் இன்றைய அளவு, ஒன்றுக்கு மூன்று! மூன்று! இந்த விடுதியில் இப்படி ஒருவர் இதுவரை இருந்ததில்லை. நீங்கள் ஒரு பொன்னிற அறை. வாழ்த்துகள்!"

தாரணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

மிருதுளா வெளியே வந்தாள். முகத்தில் கவலை. "அய்யோம்மா, இன்னிக்கி வீட்டுக் கணக்கு போச்சே! அப்பா திட்டுவார்."

"மூணுமா?" என்றாள் தாரணி. "மூணையும் நீயா போடறே?"

மிருதுளா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, "முதல் மூணு நாள் யாருமே போடலம்மா," என்றாள். "அப்பா ஏப்பம்னார். தாத்தா நாக்குன்னார். அட்டையைப் பூட்டிட்டா தாத்தா என்ன பண்ணுவார் சொல்லு? பேட்டரி மாத்தற வரைக்கும்தான்னு ஆரம்பிச்சேன்."

"மாத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே கண்ணு."

"ஆமா. அப்புறமும் பெட்டியில அப்படியே கெடந்துச்சா... சாப்பிட்ட தட்டையெல்லாம் நான்தானே எடுக்கறேன் இப்ப." சிரிக்கப் பார்த்தாள். "அதை விடு. நீ ஜெயிச்சதைச் சொல்லு. கனகமணி அக்கா என்ன சொன்னாங்க?"

தாரணி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். கட்டிலின் மேல் கிடந்த மகளின் கை, குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. அந்த மென்மையை விரலால் ரேகை ரேகையாக உணர்ந்தாள். மகளின் ஆட்காட்டி விரல் நுனியில் தன் நகத்தை வைத்து மெல்ல அழுத்தினாள். மிருதுளா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பரீட்சையில் பேனா எப்படிக் கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாரணி பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். நகம் இறங்கி, விரல் நுனி வெளுத்து, பிறை மாதிரி ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

"வலிக்குதா கண்ணு?" என்றாள்.

மிருதுளா பேச்சை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள்.

"எதும்மா?"